குழலுக்கு மேல் தெரியும் கண்

பதினோரு வருடம் நான் துப்பாக்கி முனைக்கு எதிரில் நின்று சம்பளம் வாங்கினேன். பட்டாளத்தில் இல்லை. பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு வெள்ளைக்காரத் துரை நடத்திய துப்பாக்கிக் கடையில். புலி, கரடி, காட்டெருமை, யானை என்று பெரிய மிருகங்களை அடிக்கப் போகிறவர்களுக்கு ரைபிள் தேர்ந்து கொடுப்பதும், அது அவர்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் என் வேலை. நான் மட்டும் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. வீட்டில் கோழி அறுக்கிறார்கள் என்றால் மாதா கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒழுங்காக வராதவன் கோழிக்காக வருகிறான் என்று என் தங்கை தெருவெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்குவாள்.

பொருத்தம் பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் ரைபிளை மடித்துத் திறந்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா, தோட்டா ஏதும் இல்லையே என்று வாங்க வந்தவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை, துப்பாக்கியைத் தோளில் தாங்கும் மரக்கட்டையைச் செய்யும் மேஸ்திரி ஒரு தடவை பார்ப்போம். பிறகு அவர் கண்களை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்ற வேண்டும். நான் மூன்றடி தள்ளி நின்று என் வலக்கண்ணுக்குக் கீழே விரலை வைத்துக்கொள்வேன். அவர் கண்ணைத் திறந்து என் கண்ணைக் குறி பார்க்க வேண்டும். எனக்கு முதலில் தெரிவது குழல்களின் இரண்டு கறுப்பு வட்டங்கள். அவற்றுக்கு மேலே, குறியின் நடுவில், அவருடைய கண் தெரியும். நடுவில் தெரிந்தால் கட்டை அவருக்குப் பொருத்தம். விலகித் தெரிந்தால் மேஸ்திரி கட்டையைக் கொதிக்கும் எண்ணெயில் நனைத்து வளைப்பார்.

மூன்று பேர் பார்த்த காலித் துப்பாக்கிதான். ஆனாலும் என் முதுகு ஒவ்வொரு முறையும் வியர்க்கும். சிரித்துக்கொண்டே ஏற்றியவர்களின் கண்ணும் அந்த இடத்தில் சிரிக்காது. கடைக்கு வெளியே அந்த ஆளைப் பார்த்தால் எனக்கு முகம் ஞாபகம் வராது, கண்தான் வரும். பூசையில் பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவர் திரும்பிப் பார்த்தாலும் நான் சட்டென்று தலையைக் குனிந்துகொள்வேன்.

கடையில் துரை போட்ட முதல் சட்டம், வாடிக்கையாளரின் உடம்பைப் பற்றி வாயால் பேசக் கூடாது. தொந்தி, குட்டைக் கை, கூன் எதுவானாலும் சீட்டில் எழுதி மேஸ்திரியிடம் கொடுத்துவிட வேண்டும். துப்பாக்கி வாங்க வருகிறவன் தன்னை வீரன் என்று நினைத்துக்கொண்டு வருகிறான், அதில் கை வைக்காதே என்பார். அந்தச் சட்டத்தை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

சந்தாபுராவுக்கு அப்பால் காட்டோரத்தில் பெரிய பண்ணை வைத்திருந்த ஒரு முதலாளி ஒருநாள் கடைக்கு வந்தார். என் தங்கையின் புருஷன் அவருடைய பண்ணையில்தான் மேற்பார்வை பார்த்தான். தங்கை தலைப்பிரசவத்துக்காக ஜீவனஹள்ளியில் என் வீட்டில் இருந்தாள், ஏழு மாதம். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போவான். பண்ணைப் பக்கம் ஒரு கொம்பன் யானை ஆட்களைக் கொல்ல ஆரம்பித்திருந்தது. அதைச் சுடலாம் என்று சர்க்கார் உத்தரவும் போட்டுவிட்டது. முதலாளி அதை அடிக்கப் போகிறார், தோட்டாப் பையையும் ஒரு சாதாரணத் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு கூடப் போகப் போகிறவன் என் மாப்பிள்ளை. ஆகவே அந்த ரைபிளை நான் யாருக்கும் தேடாத அக்கறையோடு தேடினேன்.

முதலாளி எடுத்த எடுப்பில், “பெருசு எதுவோ அதைக் குடுப்பா” என்றார்.

கடையில் இருந்ததிலேயே பெரியது ஐந்நூற்று எழுபத்தேழு என்று குழல் அளவால் பேர் சொல்லும் ரைபிள். நல்ல திடகாத்திரமான ஆளையே இரண்டடி பின்னுக்குத் தள்ளும். “இதோட உதையை நெனச்சாலே விசையை அமுக்கறப்ப கண்ணு தானா மூடிக்குமுங்க. கண்ணு மூடினா குண்டு எங்க போவும்னு யாருக்கும் தெரியாது” என்றேன். ஒற்றைக்குழல் ரைபிளில் ஒரு தோட்டா போனதும் அடுத்ததை இழுத்து ஏற்ற வேண்டும். புதரிலிருந்து பத்தடியில் வருகிற யானை அதுவரை காத்திருக்காது. கடைசியில் நானூற்று எழுபது இரட்டைக்குழலை எடுத்து வைத்தேன். இரண்டு விசை, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குண்டு. எலும்பைத் துளைத்துப் போகிற கெட்டிக் குண்டு.

அவர் ரைபிளைத் தடவிப் பார்த்தபடி, “அது வர்றது தெரியாதுப்பா” என்றார். “சத்தமே இருக்காது. விடிகாலையில ராகிக் கொல்லையில நிக்கறேன், ஒரே பனி. எதிர்ல சுவரு ஒண்ணு தெரியுது. இங்க சுவரு இல்லியே, யாரு கட்டுனதுன்னு யோசிக்கறேன். அப்பறம் பாத்தா அந்தச் சுவரு மூச்சு விடுது.”

மேஸ்திரி இழைப்புளியை நிறுத்திவிட்டார். எனக்குக் கை முடியெல்லாம் நட்டுக்கொண்டது.

மூன்று பேரும் குழலைப் பார்த்தோம். முதலாளி கண்ணை மூடி வலத்தோளில் ஏற்றித் திறந்தார். இரண்டு கறுப்பு வட்டங்கள், அவற்றுக்கு மேலே நடுவில் வலக்கண். ஆனால் அதில் பால் ஆறினால் படிகிற ஆடை மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. என்னைப் பார்க்க வேண்டிய அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. குழலுக்கு வெளியே இருந்த இடக்கண்தான் பளிச்சென்று விழித்து, என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

“உனக்குப் பின்னாடி யாருப்பா?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

“யாரும் இல்லீங்க.”

“ஏதோ நின்ன மாதிரி இருந்துச்சு” என்று சொல்லி ரைபிளை இறக்கினார். முகம் வெளிறியிருந்தது.

வலக்கண்ணில் புரை விழுந்த மனிதன் வலத்தோளில் வைத்துச் சுட்டால் யானையும் தெரியாது, குறியும் தெரியாது. இடத்தோளுக்கு மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைச் சட்டம் ஒரு பக்கம், மாப்பிள்ளையின் முதலாளி என்பது இன்னொரு பக்கம். நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். வலத்தோளில் ஏற்றினாலும் குறி இடக்கண்ணுக்கு நேராக வரும்படி கட்டையை வளைக்கச் சொல்லிச் சீட்டு எழுதினேன்.

மேஸ்திரி சீட்டைப் பார்த்துவிட்டு, “இன்னா சாமி இது? வலத்தோளு, எடக்கண்ணா? இதை வேற எவனாச்சும் எடுத்து சுட்டா?” என்றார்.

“வேற யாரு எடுக்கப் போறாங்க? எழுதினதை செய்ங்க மேஸ்திரி” என்று எரிந்து விழுந்தேன். என் வேலையில் யாராவது கேள்வி கேட்டால் எனக்குப் பிடிக்காது. அந்தக் குணம் இன்றைக்கும் போகவில்லை.

வளைத்த கட்டையைப் பார்த்த முதலாளியிடம் உங்கள் தோள் அகலத்துக்காக என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

சுட்டுப் பார்ப்பதற்கு ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளிக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு கல்குழி இருந்தது. யானைக்கான ரைபிள் என்றால் மேஸ்திரி கோணிகளைத் தைத்து, அதன்மேல் கரியாலும் சுண்ணாம்பாலும் யானைத் தலையை நிஜ அளவில் வரைந்து மரச்சட்டத்தில் கட்டுவார். அன்று காலை மாட்டு வண்டியில் நாங்கள் முன்னாலேயே போய்க் கட்டிவிட்டோம். குழி முழுக்கப் பனி. காற்று வரும்போது கோணி உப்பி அடங்கியது. சட்டத்தைக் கட்டியவன் நான்தான், ஆணி அடித்தவன் நான்தான். இருந்தும் அதற்கு முதுகைக் காட்டி நிற்க மனம் வரவில்லை. பனி கொஞ்சம் நகர்ந்தபோது அது முன்னால் இருந்ததைவிட ஓரடி கிட்டே வந்துவிட்டதாகவே தோன்றியது. மேஸ்திரியைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி காரில் மாப்பிள்ளையோடு வந்தார். இரண்டு குண்டு போட்டார். இரண்டும் கோணியானையின் நெற்றியில், ஒரு உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்தில். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் கட்டை, என் யுக்தி. அவர் சந்தோஷத்தில் ரைபிளை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஓட்டைகளைப் பார்க்க நடந்தார்.

மாப்பிள்ளை விளையாட்டுப் பிள்ளை. “மச்சான், எனக்குப் பொருத்தம் பாருங்க” என்றான். குழலைத் திறந்து மூவரும் பார்த்தோம். கண்ணை மூடித் தோளில் ஏற்றினான். நான் எதிரில் நின்று விரலைக் கண்ணுக்குக் கீழே வைத்தேன்.

இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. அவற்றுக்கு மேலே கண் இல்லை. அவனுடைய கண் எங்கேயோ ஓரத்தில், குறிக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. நடுவில், கண் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் பனி. பதினோரு வருடத்தில் நான் எத்தனையோ கண்களைப் பார்த்துவிட்டேன். கண்ணே இல்லாத துப்பாக்கி என்னைக் குறி பார்த்தது அன்று ஒருநாள்தான். ஆள் இல்லாமல் துப்பாக்கி மட்டும் நிற்பதுபோல் இருந்தது.

“எப்படி மச்சான்? பராபரா இருக்கா, சரியா வருதா?” என்று சிரித்தான்.

சொல்லியிருக்க வேண்டும். இது உங்கள் கண்ணுக்குச் செய்தது இல்லை, எந்தக் காரணம் கொண்டும் இதை எடுத்துச் சுடாதீர்கள் என்று ஒரே வாக்கியம். முதலாளி இருபதடி தள்ளி நின்றுகொண்டிருந்தார், காதில் விழும். “உங்களுக்கு எதுக்கு மாப்ளே இதெல்லாம், கீழ வைங்க” என்றேன். மேஸ்திரி என்னையே பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவானே, தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிகாலை கொம்பன் ராகிக் கொல்லைக்கு வந்தது. நடந்ததைப் பிறகு முதலாளியே சொன்னார். பனிக்குள் அதைப் பார்த்ததும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார், ரைபிள் கையிலிருந்து விழுந்தது. மாப்பிள்ளை ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தன் கையிலிருந்த சின்னத் துப்பாக்கி யானைக்கு உதவாது என்று அதை எறிந்துவிட்டு, ரைபிளை எடுத்து முதலாளிக்கு முன்னால் நின்றான். பதினைந்தடியில் முதல் குண்டு போட்டான், இரண்டாவதும் போட்டான், இரண்டும் படவில்லை. யானை அவனைத் தூக்கி அடித்துக் கொன்றது. முதலாளியை அது தொடக்கூட இல்லையாம். வந்தது போலவே சத்தமில்லாமல் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து முதலாளி ரைபிளை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். குழல் கோணலோ என்று அவருக்குச் சந்தேகம். மறுபடி கல்குழிக்குப் போனோம். பழைய கோணியானை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது, நெற்றியில் அதே இரண்டு ஓட்டைகளோடு. சுட்டார். அந்த ஓட்டைகளுக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு விழுந்தன.

“பாத்தியா, துப்பாக்கி மேல தப்பில்ல. அவன் கைதான் நடுங்கிடுச்சு, பாவம்” என்றார்.

நான் “ஆமாங்க” என்றேன். இந்த ஒரு சொல்லுக்காக நான் என்னை மன்னித்ததில்லை.

மறுவாரமே வேலையை விட்டேன். அதன்பின் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. தங்கை பண்ணைக்குத் திரும்பிப் போகவில்லை. பையன் என் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தான். முதலாளி சொன்ன கதை சந்தாபுராவிலிருந்து ஜீவனஹள்ளிக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. கை நடுங்கினவன் பிள்ளை என்று தெருப் பையன்கள் அவனைக் கேலி செய்தார்கள். அதைவிடக் கொடுமை, தங்கை எனக்கு ஆறுதல் சொன்னாள். “நீ நல்ல துப்பாக்கிதான் பாத்துக் குடுத்தே அண்ணே. அவருக்குத்தான் தைரியம் போதலை. நீ ஏன் மனசைப் போட்டு ஒழப்பிக்கறே?” என்பாள். நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போவேன்.

பையனுக்குப் பத்து வயது இருக்கும். ஒரு சாயங்காலம் சட்டை கிழிந்து, உதடு வீங்கி வந்தான். கேலி செய்த எவனையோ அடித்திருக்கிறான். “எங்கப்பா பயந்தாங்கொள்ளியா மாமா?” என்று கேட்டான். அவனைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, தங்கையை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புரை, சீட்டு, வளைத்த கட்டை, கல்குழி, பனி. சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவள் அழவில்லை. “அப்ப அவரு கை நடுங்கலியா அண்ணே?” என்றாள்.

“இல்லம்மா. நடுங்கியிருந்தாத்தான் ஒருவேளை பட்டிருக்கும்.”

அவள் எழுந்து மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்தாள். மூன்றடி தள்ளி என் எதிரில் நின்று, கண்ணை மூடி, அதைத் தோளில் ஏற்றினாள். நான் என்னை அறியாமல் விரலை வலக்கண்ணுக்குக் கீழே வைத்தேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

“எங்கண்ணு தெரியுதா?”

“தெரியுது.”

“அன்னிக்கு அவரு கண்ணு தெரியலைன்னு பாத்தியே அண்ணே, ஏன் சொல்லலே?”

கண்ணுக்குக் கீழே வைத்த விரலை என்னால் எடுக்க முடியவில்லை. குழாயடியிலிருந்து பையன் திரும்பி வரும்வரை அவள் குடையை இறக்கவில்லை.