மாட்டு ஆதார்

சித்தூரில் ஒரு பால் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்பதுதான் தொழில் என்றால் வீட்டில் சிரிப்பார்கள். நானும் எதையும் கண்டு வாய் பிளக்கிற ஆள் இல்லை, அந்த ஒரு நாள் வரை.

பலமனேர் பக்கத்திலிருந்து, எங்களுக்குப் பால் ஊற்றும் ஓர் அக்கா வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். கயிற்றை அறுத்துக்கொண்டு போன அவருடைய சினைமாட்டைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பிடித்துக் கட்டிவைத்துக்கொண்டு, தன் மாடு என்கிறாராம். காதில் குத்திய மஞ்சள் வில்லையின் எண் யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் மாடு என்று போலீஸ் சொல்லிவிட்டது. அந்தக் காதைப் படம் பிடித்து அவர் போனுக்கு அனுப்பியும் இருந்தார்கள்.

“ஊட்ல இருக்கறது அது ஒண்ணுதான் தம்பி. பாத்து சொல்லு.”

எங்கள் பால் சென்டர்களில் பதிந்த மாடுகளின் பட்டியலில் அந்த எண்ணை அடித்துத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தேடினேன். இல்லை.

“இன்னா தம்பி, இல்லங்குதா?” என்றார். குரல் உடைந்துவிட்டது.

மற்ற பதிவுகளைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. எங்கள் பால் சென்டர்களில் அந்த எண்ணை ‘மாட்டு ஆதார்’ என்பார்கள். சொன்னதோடு விடாமல், ஆதார் அட்டையில் இருப்பது போலவே நான்கு நான்கு இலக்கமாக இடைவெளி விட்டு அடித்திருக்கிறார்கள். தேடுவது எண், உள்ளே இருப்பதோ வெறும் எழுத்து. இரண்டும் எப்படிச் சேரும்? இடைவெளிகளை நீக்கி, எல்லாவற்றையும் எண்ணாக மாற்றித் தேடச் சொன்னேன். பிழை என்று மொத்தமும் நின்றுவிட்டது. எண் கேட்ட இடத்தில் ஏதோ ஒரு மகானுபாவர் ‘கம்மல் விழுந்துபோச்சு’ என்று, காது வில்லை கழன்ற கதையை அடித்துவைத்திருந்தார்!

மாற்ற முடிந்ததை மாற்று, முடியாததைக் காலியாக விட்டுவிட்டு மேலே போ என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. எத்தனையோ முறை பயன்படுத்தியதுதான். அன்றும் அதை அடித்தேன்.

ஒரே ஒரு வரி வந்தது. அக்காவின் பெயர், ஊர். செவலை, நெற்றியில் வெள்ளை, வலது கொம்பு நுனி உடைந்தது. வாசித்துக் காட்டினேன்.

“அவதான்! இத்தினி நேரம் எங்க இருந்தா?”

“இங்கியேதான் இருந்தாக்கா.”

சொல்லும்போதே எனக்குப் புல்லரித்தது. கேட்கிற விதத்தைக் கொஞ்சம் மாற்றியதும், இல்லவே இல்லை என்ற மாடு கொம்போடும் வெள்ளையோடும் வந்து நிற்கிறது. இத்தனை வருடம் இதன் முன்னால்தான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, முத்திரை போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் போன் வந்தது.

“ஓட்டிக்கினு வந்துட்டேன் தம்பி. இரு, அவளே பேசுவா” என்று போனை எங்கோ நீட்டினார்.

பகலெல்லாம் நான் எண்ணாக மாற்றப் பாடுபட்டது, என் காதில் “அம்மா” என்று கத்தியது.