கணக்கில் வராத மூன்றடி

கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் அப்பாவுக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இஞ்சினியரிங்கே நாலு வருஷத்தில் முடியும்போது இது ஏன் ஐந்து வருஷம் இழுக்கிறது, யாரோ நம்மை ஏமாற்றுகிறார்கள் என்றார். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் அவர் வெல்டர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒடிசாவிலிருந்து எங்களைக் கூட்டிவந்தவர். எங்கள் குடும்பத்தில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டுக்கே வந்து விளக்கினார். அவர் போன பிறகு, இதில் அந்தம்மாவுக்கு என்ன லாபம் என்று அப்பா கேட்டார்.

காரைக்கால் கோவில்பத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறோம். முன்பக்கம் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்களுடைய ஹாலுக்குள்கூட நாங்கள் போனதில்லை. வாடகை கொடுக்கப் போனாலும் வாசலோடு சரி. வடக்கத்திக்காரர்களுக்கு யாரும் வீடு தராத காலத்தில் கொடுத்தார்கள் என்பதால் அம்மா எதற்கும் வாய் திறக்கமாட்டாள்.

இரண்டாம் வருஷம் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஒரு பழைய வீட்டை முழுதாக அளந்து, வரைபடமாகப் போட்டுக் கொண்டுவர வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. யார் அனுப்பினார்கள், அளந்த தாள் எங்கே போகும், நகராட்சிக்காரர்கள் யாராவது பார்ப்பார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அவருக்கும் அவர் தம்பிக்கும் வீட்டுப் பங்கில் தகராறு. தம்பிதான் என்னைத் தூண்டிவிட்டிருக்கிறார் என்று நினைத்தார் போலிருக்கிறது. கல்லூரி அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள வீட்டுக்காரம்மா வந்தார். உதவிக்கா, காவலுக்கா என்று எனக்குத் தெரியவில்லை. அறை அறையாக என் பின்னாலேயே வந்தார். சாமான் அறையில் மட்டும் பின்சுவருக்குப் போகவிடவில்லை. அங்கே பீரோவும் அதற்குப் பக்கத்தில் ஒரு திரையும் இருந்தன.

"அங்கெல்லாம் எதுக்கும்மா? வெறும் செவருதான். இந்தப் பக்கத்தோட போட்டுக்க" என்றார்.

அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து வரைந்தபோது அளவு கூடிவரவில்லை. வீட்டின் முழு நீளத்தை வெளியே பக்கவாட்டில் அளந்து வைத்திருந்தேன். உள்ளே எங்கள் பின்கட்டோடு சேர்த்து அறைகளையும், பீரோ நின்ற இடத்தையும், சுவர்களின் கனத்தையும் கூட்டினால் ஏறக்குறைய மூன்றடி குறைந்தது. டேப்பைத் தப்பாகப் பிடித்திருப்பேன் என்று மறுநாள் வெளியே மறுபடி அளந்தேன். அதே மூன்றடி. எங்கள் பின்கட்டு அறையின் சுவருக்கும் அவர்களுடைய சாமான் அறைச் சுவருக்கும் நடுவில் அந்த இடம் இருக்கவேண்டும். எங்கள் அறையில் அந்தச் சுவரின் உச்சியில் ஒரு சிமெண்ட் ஜாலி உண்டு. அதன் மறுபக்கம் பூசி அடைத்திருக்கிறது என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். உள்ளே இருட்டாக இருந்தது.

அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. வீட்டுக்காரரின் தம்பிக்குத் தெரியாமல் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நாளைக்கு ஏதாவது காணாமல் போனால், அளக்க வந்தவள் என்று என் பெயர்தான் அடிபடும் என்றும் பயந்தேன். அப்பாவிடம் சொன்னால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்வார். அதனால் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போன நேரமாகப் பார்த்து, வரைந்த தாளை வீட்டுக்காரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நடுவில் ஒரு இடம் விடுபட்டிருக்கிறது, அது என்ன என்று தெரியாமல் முடிக்க முடியாது என்றேன். தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு சாமான் அறைக்குள் போய்த் திரையை விலக்கினார். அதன் பின்னால் ஒரு குறுகிய பலகைக் கதவு.

உள்ளே ஒரு ஆள் நடக்கலாம், அவ்வளவுதான். புதையலும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் சுவரை ஒட்டி, ஜாலிக்கு நேர் கீழே, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் மடித்துப் போட்ட பழைய புடவை. அந்தப் பக்கம் எங்கள் அம்மா பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் பக்கத்தில் நிற்பதுபோல் கேட்டது.

"நீங்க குடி வர்றதுக்கு முன்னாடி கட்டுனது" என்றார். "பின்கட்டுக்குப் போற கதவ அடச்சா போதும்னு நான் சொன்னேன். அவருதான் தள்ளி ஒரு செவரு எழுப்புனாரு. நீங்க என்ன சமைப்பீங்க, எப்படிப் பொழங்குவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"இந்த ஸ்டூல்?"

"அது நான் போட்டது. யாரோ எவரோ, பின்னாடி ஒக்காந்து என்ன திட்டம் போடுறாங்கன்னு கேக்கணும்ல? ஒண்ணும் புரியல. ஒங்க பாஷை எனக்கு எங்கருந்து புரியும்? நீ பாடம் படிக்கிறது மட்டுந்தான் புரிஞ்சுது. அப்புறம் அதுக்காவவே வந்து ஒக்காருவேன். நான் அஞ்சாவதோட நின்னவ."

அவர் சிரிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நான் என்ன நினைத்திருக்க வேண்டுமோ தெரியாது. எனக்கு வந்தது பயம்தான். தோழியிடம் போனில் தமிழில் பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வீட்டுக்காரம்மாவைக் கஞ்சம் என்று சொன்னது, அவரைப்போல் பேசிக் காட்டியது, கல்லூரியில் இடம் கிடைக்காது என்று அழுதது. எல்லாவற்றையும் கேட்டிருப்பார். கேட்டுவிட்டு மறுநாள் காலையில் என்னைப் பார்த்துத் தலையாட்டியிருப்பார். கையிலிருந்த டேப்பால் அந்த இடத்தை அளந்து எழுதிக்கொண்டு வெளியே வந்தேன்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அதிர்ச்சியடைவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, தனக்குத் தெரியும் என்று ஒடியாவில் சொன்னாள். வந்த புதிதிலேயே சுவருக்குப் பின்னால் இருமல் கேட்டதாம், வளையல் சத்தம் கேட்டதாம். அப்பாவிடம் சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் தெருவில் நிற்க வேண்டும் என்று விட்டுவிட்டாளாம்.

"அதனால்தான் உன்னை அந்தச் சுவர்கிட்ட உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன்" என்றாள். "நீயாவது அவர்கள் பாஷையில் பேசுவது கேட்கட்டும் என்று."

அம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சின்ன வயதில் நான் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் குறைந்தால் தொடையில் தட்டுவாள். என் படிப்பின் மேல் அவளுக்கு அத்தனை ஆசை என்று அதற்கு அர்த்தம் வைத்திருந்தேன். ஹாஸ்டலில் தோழிகளிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு முதல்முறையாக அதுவும் எனக்குச் சந்தேகமாகிவிட்டது. ஆசையும் இருந்திருக்கும், பயமும் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று அம்மாவைக் கேட்டேன். பருப்பு பொங்குகிறது, அடுப்பைக் குறை என்றாள்.

வரைபடத்தில் அந்த மூன்றடியைப் போட்டுத்தான் கொடுத்தேன். இது என்ன இடம் என்று பேராசிரியர் கேட்டார். குழாய் போகிற சந்து என்று சொன்னேன். காரைக்காலில் பழைய வீடுகளில் அப்படி விடுவார்களா என்று ஆர்வமாகக் கேட்டார். சில வீடுகளில் உண்டு என்றேன். நல்ல மதிப்பெண் போட்டார்.

நான் இப்போது நாலாம் வருஷம். வீட்டுக்காரம்மா சில நாட்களாகச் சாயங்காலத்தில் எங்கள் வாசல் வழியாக உள்ளே வந்து உட்காருகிறாராம். அம்மா டீ போட்டுக் கொடுக்கிறாள். அம்மாவின் அரைகுறைத் தமிழில் காய்கறியைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். சுவர் விஷயத்தை இருவரும் எடுப்பதில்லை. அப்பாவிடம் இன்னும் யாரும் எதையும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத மனுஷி இப்போது ஏன் வருகிறார், வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் நேரம் பார்க்கிறார் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வேலைக்குப் போகும் வழியில் வாஞ்சூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் என்னைப் போனில் கூப்பிட்டு, அந்தம்மா உன்னிடம் ஏதாவது சொன்னதா என்று மெதுவான குரலில் கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.