லண்டன் கம்பெனியை ஜெர்மன் கம்பெனியாக்க கெல்சென்கிர்ச்சன் போன கதை

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனது யாருக்கு வலித்ததோ, எங்களுக்கு நன்றாகவே வலித்தது. ஜெர்மனியில் இருந்துகொண்டு நானும் கெல்சென்கிர்ச்சன் நகரத்து சிவா அண்ணையும் நடத்தும் சின்ன மென்பொருள் கம்பெனியை, சுலபம் என்று லண்டனில் பதிந்திருந்தோம். பிரிவுக்குப் பிறகு அந்தப் பதிவு ஜெர்மனியில் எங்களைக் காப்பாற்றாது. யாராவது வழக்குப் போட்டால் நேராக எங்கள் சொந்தச் சொத்துக்கே வரும். வரி ஆலோசகர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். என்னிடம் இருப்பது ஒரு பழைய சைக்கிள். அண்ணையிடம் இருப்பது மனைவியோடு குடியிருக்கும் சொந்த வீடு! இங்கே புதிதாகப் பதிய, போன மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன்.

நான் இருக்கும் வால்டோர்ஃபிலிருந்து காலை 6.12க்கு ரயில். மன்ஹைம், எஸ்ஸன் என்று இரண்டு இடத்தில் மாறி, 9.50க்கு கெல்சென்கிர்ச்சனில் இறங்கினேன். ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர், முன்பதிவில் 37.90 யூரோ. மன்ஹைமில் மாற எட்டே நிமிடம்தான், நான் ஓடிய ஓட்டத்தைக் கேட்காதீர்கள்.

பதினொரு மணிக்கு நோட்டரி அலுவலகத்தில், அண்ணையும் நானும் எதிரே உட்கார்ந்திருக்க, நோட்டரி அம்மா புதுக் கம்பெனியின் ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, லண்டன்ல எல்லாம் ஆன்லைன்லயே முடிஞ்சுதே. இதையும் மெயில்ல அனுப்பினா நாமே படிச்சுக்க மாட்டோமா?"

"ஏலாது தம்பி. இஞ்ச அவ வாசிக்கோணும், நாங்கள் கேக்கோணும். சட்டம். பேசாம இருங்கோ."

பதினான்காம் விதியில் அந்தம்மா சட்டென்று நிறுத்தினார். பங்குகளை மின்னஞ்சலிலேயே கைமாற்றலாம் என்று இருந்தது. "இதை யார் சேர்த்தது?"

நான் கையைத் தூக்கினேன். முந்தின நாள் மாலை, 'சின்னத் திருத்தம்' என்று பழைய லண்டன் விதியை அப்படியே வெட்டி ஒட்டி அனுப்பிய மேதாவி நான்தான்.

"லண்டனில் செல்லும். இங்கே பங்கு கைமாற என் முன்னால்தான் வர வேண்டும். இப்படியே போயிருந்தால் பதிவகம் திருப்பி அனுப்பியிருக்கும்" என்று சிரித்தார். மறுபடி பதிந்து முடியும் வரை அண்ணையின் வீடு அந்தரத்தில் நின்றிருக்கும். அவர் அதை அடித்துவிட்டுத் திருத்தி, திருத்தியதையும் உரக்க வாசித்தார். இம்முறை வாயைத் திறக்காமல் கேட்டேன்.

போகிறவர்களுக்கு: பாஸ்போர்ட் கொண்டு போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வாசிப்பே ஒரு மணி நேரம் பத்து நிமிடம். கடைசி நேரத்தில் புத்திசாலித்தனம் காட்டாதீர்கள்.

மூன்று வாரம் கழித்து அண்ணை போன் செய்தார்.

"தம்பி, பதிவு வந்திட்டுது. வீட்டுக்கு இனிப் பயமில்லை."

"வீட்டுல அக்காவுக்கு சந்தோஷமா அண்ணை?"

"இவ்வளவு நாளும் பயம் இருந்ததெண்டே இண்டைக்குத்தான் அவவுக்குச் சொன்னனான். காலமையில இருந்து ஏசிக்கொண்டு நிக்கிறா."