வண்டிக்கடியிலிருந்து வந்த குரல்

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணி. மில் கேட்டில் போன் அடித்தது. சேகர். மலையிலிருந்து இறங்கும் பாதையில் எங்கள் மில்லின் இன்னொரு லாரியில் பின்னால் வந்துகொண்டிருந்தவர்.

“டீச்சர், கலியண்ணன் போயிட்டாருங்க.”

எதிரே ஒரு லாரி நின்றது. அதற்கான கேட் பாஸைப் பாதி எழுதியிருந்தேன். மீதியையும் எழுதி முடித்தேன்.

நான் டீச்சர் இல்லை. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்து அரிசி மில்லில் கேட் பாஸ் எழுதுகிறேன். மேசையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். அதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவர் கலியபெருமாள் அண்ணன். வலங்கைமான் பக்கத்துக்காரர். டிரைவர்களான உங்களோடு சேர்ந்து வருடக்கணக்காக லோடு அடித்தவர். அவரைப் பற்றி உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். எனக்குத் தெரிந்தது காலை நேரம் மட்டும்.

“கொஞ்சம் வந்து மிதிங்க டீச்சர்.”

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் அப்படிக் கூப்பிட்டார். கிழிந்த சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்துக்கொண்டார். நான் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். காற்று தள்ளும்போது சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தண்டு நீளும். அது அதிகம் நீண்டால் பிரேக் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பானரால் முழுக்க இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்துவார். மிதிங்க. விடுங்க. மிதிங்க. முகம் தெரியாது. குரல் மட்டும் வரும்.

“இத்தன டிரைவருங்க நிக்கிறாங்க. என்னை எதுக்குண்ணே கூப்பிடுறீங்க?”

“அவனுங்க காலு பழகுன காலு. வண்டி எப்படி இருந்தாலும் அதுக்குத் தக்கன மிதிச்சிடும். உங்க காலுக்கு ஒண்ணும் தெரியாது. அதான் உண்மையச் சொல்லும்.”

சேகர் டீ கிளாஸோடு வந்து நிற்பார். “லைசென்ஸ் எப்ப டீச்சர் எடுக்கப் போறீங்க?”

கீழிருந்து பதில் வரும். “மொதல்ல உன் வண்டியப் பாருடா. நீ பிரேக் அடிச்சு அது நிக்கிறதுக்குள்ள அந்த டீ ஆறிடும்.”

பிறகு முதலாளி புது லாரி வாங்கினார். பிரேக் தேயத் தேயத் தானே இறுக்கிக்கொள்ளும் வகை. நீங்கள் ஆட்டோ ஸ்லாக் என்பீர்கள். ஒரு வருடம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. நெல் சீசன் இல்லாத மாதங்களில் அந்த வண்டி வேதாரண்யத்திலிருந்து உப்பு ஏற்றியது. அடிப்பாகம் அரித்தது. ஒரு நாள் மறுபடியும் சாக்கு விரிந்தது.

வண்டியோடு வந்த சிறு புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். ஆங்கிலம். படித்து, தமிழில் சொன்னேன். கையால் இறுக்காதீர்கள். அடிக்கடி தளர்ந்தால் தேய்ந்திருப்பது வேறு ஏதோ. இறுக்கினால் அந்தக் கோளாறு மறையும், போகாது. ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

அண்ணன் கவனமாகக் கேட்டார். இரண்டு முறை படிக்கச் சொன்னார். அன்றே முதலாளியிடம் போனார். திரும்பி வந்து சாக்கில் படுத்தார்.

“என்னண்ணே சொன்னாரு?”

“ஓடுற வண்டிய ஏன் நிறுத்தணும்னாரு. மிதிங்க.”

பதினைந்து நாளுக்கு ஒரு முறை. பிறகு வாரம் ஒரு முறை. பிறகு தினமும். மிதித்தவள் நான், அதனால் தெரியும்.

“நேத்துதானேண்ணே இறுக்குனீங்க?”

“நேத்து நேத்தோட போச்சு டீச்சர்.”

திருக்காட்டுப்பள்ளிக்கு ஒரு முறை அவர் வண்டியில் போனேன். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். “நம்ம ஊரு தட்டு மாரி. காலை எடுத்தா வண்டி தானா நின்னுடும். பாலம் ஏறி எறங்குறதுதான் நமக்கு மலை.” சிரித்தார். சமவெளி அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கோளாறையும் சேர்த்துத்தான்.

மலைக்கு அரிசி லோடு வந்தது. திரும்பும்போது கேரட் ஏற்றி வர வேண்டும். புறப்படும் காலையில் எல்லாச் சக்கரத்தையும் இறுக்கினார். நான் மிதித்தேன். கேட் பாஸில் ‘பிரேக்’ என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கம்போல ‘சரி’ என்று டிக் போட்டேன். வழக்கம்போல அவர் கைகாட்டினார்.

“பிரேக் மீட்டர்ல காத்து ஃபுல்லா இருந்திருக்கு டீச்சர். பிரேக்தான் புடிக்கல. ஹாரன் அடிச்சிக்கிட்டே போனாரு. எதுக்கால பஸ் ஒண்ணு ஒதுங்கிடுச்சு. அப்பறம் மலைப் பக்கமா ஒடிச்சிட்டாரு.” சேகர் சொன்னது இவ்வளவுதான். வேறு யாருக்கும் அடியில்லை.

விபத்து அறிக்கையில் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று இருக்கிறது. என் டிக்கும் அதற்கு ஆதாரம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவி வசந்தா அக்கா மில்லுக்கு வந்தார். உட்காரவில்லை.

“தெனமும் வண்டிக்கடியில கெடந்த மனுசன். சட்டை பூரா கிரீஸு. தொவச்சவ நான். அவரு கவனமில்லாதவராம்மா? தெனமும் பாத்தாருன்னு நீ ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. புள்ளைங்க படிக்கட்டும்.”

“எழுதித் தரேங்க்கா” என்றேன்.

எழுத உட்கார்ந்தேன். தினமும் பார்த்தார் என்று எழுதினால் ஏன் தினமும் என்று கேட்பார்கள். வண்டியோடு வந்த அந்தப் புத்தகம் பேச்சுக்கு வரும். அவருக்குத் தெரியுமா? தெரியும். யார் படித்துச் சொன்னது? நான். எழுதினால் தெரிந்தே செய்தவர். எழுதாவிட்டால் கவனமில்லாதவர். வண்டியை நிறுத்த முடியாதவர் என்று ஒரு வகை இருக்கிறது. நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அந்த அறிக்கையில் கட்டம் இல்லை.

அந்தத் தாளுக்குப் பதிலாகத்தான் இதை எழுதியிருக்கிறேன். அக்காவுக்கு இது உதவாது.

நேற்றுக் காலை சேகர் வந்து நின்றார். அவருடையதும் ஆட்டோ ஸ்லாக்தான். கையில் சாக்கு.

“டீச்சர், ஒரு மிதி.”

“அந்தப் புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு…”

“தெரியும் டீச்சர். முதலாளிகிட்ட கேட்டாச்சு. மிதிங்க.”

ஏறினேன். கலியண்ணனிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த வலது கால் ஒன்றுதான். ஒன்றும் தெரியாத கால் என்று அவர் நம்பியது. கீழிருந்து குரல் வரும் முன்பே அது மிதித்திருந்தது.