துரையின் குறுக்கெழுத்தும் என் மாற்றலும்

இலங்கையில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் இரண்டாவது கிளாக்கராக இருந்தபோது, என் மாற்றல் கடிதம் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மேசையில் ஒன்பது மாதம் கிடந்தது. அதன்மேல் தினமும் ஆங்கிலப் பேப்பர் விரிக்கப்பட்டது. பேப்பர்மேல் துரையின் முழங்கைகள். ஐம்பதுகளின் நடுவில் என் குடும்ப வாழ்க்கை அந்த முழங்கைகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

மனைவி டயகமவில் தோட்டப் பள்ளிக்கூட டீச்சர். கைக்குழந்தை அவளோடு. இரண்டு தோட்டமும் ஒரே கம்பெனியுடையவை. அங்கே ஆபீசில் ஓர் ஆள் குறைவாகத்தான் வேலை நடந்தது. துரை ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். சனிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி, ஞாயிறு பின்னேரம் திரும்பி, திங்கள் விடிய, வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் ஆள் எழுத நிற்கிறவனுக்குத்தான் அந்தக் கையெழுத்தின் அருமை தெரியும். சில திங்கட்கிழமைகளில் எந்த ஊரில் தூங்கி எழுந்தேன் என்பதே எனக்குப் பிடிபடாது.

துரை மலை சுற்றிவிட்டுப் பதினொரு மணிக்கு ஆபீசுக்கு வருவார். கொழும்பிலிருந்து ரயிலில் வந்த பேப்பரைத் தபால்காரர் அதற்குள் கொண்டுவந்து வைத்திருப்பார். ஊர் பற்றி எரிந்தாலும் துரை முதலில் புரட்டுவது குறுக்கெழுத்துப் பக்கத்தைத்தான். ஏதாவது குறிப்பில் மாட்டிக்கொண்டால், "கிளாக்கர்!" நான் எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நிற்பேன். ஹட்டனில் கஷ்டப்பட்டுப் படித்த இங்கிலீஷ் இந்த வேலைக்குத்தான் உதவியது.

அவரை அதிகம் வாட்டியவை ஓசையை வைத்து வரும் குறிப்புகள். 'பழம் ஒன்று, சத்தத்தில், ஜோடி' என்ற மாதிரி இருக்கும். இங்கிலீஷில் பேரிக்காயும் 'பேர்'தான், ஜோடியும் 'பேர்'தான். எழுதும்போது மட்டும் நடு எழுத்துகள் மாறும். கட்டத்தில் போடவேண்டியது பழத்தையா, ஜோடியையா? எந்தப் பக்கம் இருந்து வாசித்தாலும் நியாயமாகவே படும். குறுக்கே வருகிற சொல்லைக் கண்டுபிடித்து, அது தரும் எழுத்தை வைத்து முடிவு செய்வதுதான் வழி. துரைக்கு அந்தப் பொறுமை கிடையாது. பென்சிலும் பிடிக்காது. மைப்பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "எது?" என்பார். குறுக்குச் சொல்லை மனதுக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிட்டு நான் சொல்வேன். மறுநாள் பேப்பரில் விடை வரும். நான் சொன்னதாகவே இருக்கும்.

அவர் மனம் குளிர்ந்தால் கையெழுத்து விழும் என்று நம்பினேன். எட்டாம் மாதம் துணிந்து கேட்டுவிட்டேன். துரை சிரித்தார். "உன்னை அனுப்பிவிட்டு இதை யாரோடு போடுவது?" என்று பேப்பரைத் தட்டினார். எனக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதமாக எனக்கு நானே குழி வெட்டியிருக்கிறேன்.

மேசைக்குத் திரும்பியதும், யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "உம்மை ஆர் காணும் கெட்டிக்காரன் எண்டு காட்டச் சொன்னது?"

அன்றிலிருந்து மக்கு ஆனேன். ஓசைக் குறிப்பு வந்தால், சரியானது எது என்று யோசித்துக் கண்டுபிடித்து, மற்றதைச் சொன்னேன். பழம் என்றால் ஜோடி, ஜோடி என்றால் பழம். துரை மையால் எழுதுவார். அப்புறம் குறுக்கே எதுவும் பொருந்தாமல் கட்டம் முழுக்க அடித்தல் திருத்தலாகிவிடும். மறுநாள் விடையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொள்வார். சும்மா சொல்லக் கூடாது, சரியாகச் சொல்வதைவிட இது இரட்டிப்பு அலுப்பு. ஆனாலும் ஒரு மாதம் விடாமல் செய்தேன்.

ஒரு திங்கட்கிழமை துரை கூப்பிட்டார். மேசையில் என் கடிதம், மேலே பேப்பர் இல்லாமல், தனியாக இருந்தது. பக்கத்தில் பழைய பேப்பர்கள் ஒரு கட்டு. மனதுக்குள் டயகமவுக்கு மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அவர் கோபமே இல்லாமல் பேசினார். "இரண்டில் ஒன்றைத் தெரியாமல் சொல்கிறவன் பாதித் தடவையாவது சரியாகச் சொல்லிவிடுவான். நீ இந்த மாதம் ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்லவில்லை. அப்படியென்றால் உனக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது."

கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். அன்றைய பேப்பரை விரித்தார். "முதலாவது குறிப்பைப் பார்" என்றார்.

பார்த்தேன். வேறு என்ன செய்வது?

அந்தச் சனிக்கிழமை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். துரையை நாலு வார்த்தை திட்டுவாள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று காத்திருந்தேன். அவள் உருட்டிய சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, நடுவுல ரெண்டு மூணாவது சரியா சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு மாதம் மண்டையைக் குடைந்தும் தோன்றவில்லை. அவளுக்கு ஒரு வாய் சோறு உருட்டுகிற நேரத்தில் தோன்றிவிட்டது.

ஞாயிறு பின்னேரம் நான் பஸ் ஏறும்போது, பிள்ளையின் கையைப் பிடித்து அவள்தான் ஆட்டிக் காட்டினாள். துரை சீமைக்குத் திரும்பிப் போக இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் பிள்ளை தானாகவே கையாட்டக் கற்றுக்கொண்டுவிட்டது.