மேசையில் ஒரே டப்பா

"தோட்டாக் கூட்டுக்குள்ள இது எவ்வளவு எடம் அடைக்கும்?"

கேட்டபடியே லொரெட்டா ஹாகன் கறுப்பு வெடிமருந்து டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் அச்சிட்ட எண்ணை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் படிக்கிறாள். கடைக்காரன் டெரெல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது, கடைக்கு முதலாளி. ஆனால் ஐந்து வயதிலிருந்து லொரெட்டா ஓட்டிய பள்ளிப் பேருந்தில் போய்வந்தவன். அவளிடம் இன்றைக்கும் குரல் உயர்த்திப் பேச வராது.

"இது புது மருந்து, மிஸஸ் ஹாகன். கைத்துப்பாக்கிக்கு எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. துளியூண்டு போட்டாப் போதும். ஒரு டப்பா வருஷக்கணக்குல வரும்."

"அதான்டா எனக்கு வேண்டாம்ங்கறேன். துளியூண்டு போட்டாப் போதும்னா, ரெண்டு தடவை விழுந்தாலும் கூட்டுக்குள்ள சத்தமில்லாம ஒக்காந்துக்கும். எனக்குத் தெரியவா போகுது? பொசபொசன்னு இருக்கிறதா ஒண்ணு குடு. ரெண்டாவது தடவை போட்டா வழிஞ்சு மேசையில கொட்டணும்."

ஐடஹோ மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்த ஊரில் பாதிப் பேர், சுட்டு முடிந்த வெற்றுக் கூட்டில் மருந்து போட்டு, மேலே குண்டைப் பதித்து, தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்பவர்கள். மருந்து அலமாரி முன்னால் நின்றால் ஒருவர் குறி தப்பாததைக் கேட்பார், ஒருவர் மலிவானதைக் கேட்பார், ஒருவர் புகை வராததைக் கேட்பார். லொரெட்டா கேட்பது ஒன்றே ஒன்றுதான். "நான் தப்புப் பண்ணினா இது என்னக் காட்டிக் குடுக்குமா?" காட்டிக் கொடுக்காத மருந்து எத்தனை உசத்தியானாலும் அவள் வீட்டுப் படியேறாது.

அதற்குக் காரணம் அவள் இடது கைக் கட்டைவிரலில் இருக்கிறது. அதில் நகம் கிடையாது. முப்பது வருடங்களுக்கு முன், ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து போட்டுவிட்டு, அது தெரியாமல் சுட்டாள். கைத்துப்பாக்கியின் மேற்பாதி எங்கே போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கண் தப்பியது அதிர்ஷ்டம். "அன்னைக்கு ரேடியோவுல நல்ல பாட்டு" என்பாள் கேட்பவர்களிடம். அதன் பிறகு மருந்து போடும் அறையில் ரேடியோ இல்லை.

அந்த அறை உண்மையில் துணி துவைக்கும் அறை. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரம், மறுபக்கம் கெட்டித் தேக்குப்பலகை மாதிரி கனத்த ஒரு மேசை, அதன் மேல் இரும்பு அழுத்துப்பொறி, தராசு, மருந்து ஊற்றுகிற கண்ணாடிக் குடுவை. அவள் உட்கார்ந்துவிட்டால் அவள் கணவர் ஓரினுக்கு அன்று அழுக்குச் சட்டைதான். மரத்தட்டில் ஐம்பது கூடுகளை வரிசையாக நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும் சின்ன டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பாள். பேருந்தை நிறுத்தியதும் எந்தப் பிள்ளையாவது தூங்கிப்போயிருக்கிறதா என்று கடைசி இருக்கைவரை நடந்து பார்ப்பாளே, அதே பார்வைதான். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு பிள்ளையையும் பேருந்தில் விட்டுவிட்டு வந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ளும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

பெரிய துப்பாக்கி மருந்தை அவள் தேர்ந்தெடுக்கும் விதம் ஓரினுக்குப் பெரிய தலைவலி. புது மருந்தில் போட்ட தோட்டாக்களில் நான்கைக் குளிர்பதனப் பெட்டியில், பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைப்பாள். நான்கை ஜூலை வெயிலில் வண்டிக்குள் வைப்பாள். பிறகு எட்டையும் சுட்டுப் பார்ப்பாள். குளிரில் வைத்ததும் வெயிலில் வைத்ததும் ஒரே இடத்தில் பட்டால்தான் அந்த மருந்துக்கு வீட்டில் இடம். "நவம்பர்ல மலை மேல நிக்கும்போது இது குளிருதுன்னு எங்கிட்ட அழக் கூடாது" என்பாள்.

"பட்டாணி எடுக்கப் போனா தோட்டா கையில வருது. எந்த வீட்லயாவது உண்டா இந்தக் கூத்து?" என்று ஓரின் தேவாலய விருந்தில் எல்லாரிடமும் முறையிடுவார். அடுத்த நாளே பட்டாணி தீர்ந்துவிட்டது என்று பெட்டியில் அவளுக்கு இடமும் ஒதுக்கித் தருவார்.

இரண்டு விஷயங்களில் லொரெட்டா யாருக்காகவும் இறங்கி வந்ததில்லை. மேசையில் எப்போதும் ஒரே மருந்து டப்பாதான் இருக்கும், மற்றதெல்லாம் கூடத்து அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அடுத்தது, அவள் நிரப்பிய தோட்டாவை அவள் மட்டும்தான் சுடுவாள். இந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லாரும் வாயால் சொல்கிற விதிதான் இது. ஆனால் மச்சான் கேட்டால், பழைய நண்பன் கேட்டால், நாலைந்து கைமாறிப் போகும். லொரெட்டாவிடமிருந்து போகாது. "பல் தேய்க்கிற பிரஷ்ஷக் கடன் குடுப்பியா நீ?" என்று கேட்டுவிட்டு, வந்தவர் கையில் ஒரு ஜாடி நெல்லிப்பழ ஜாமைத் திணித்து அனுப்பிவிடுவாள்.

இதையெல்லாம் முப்பது வருடமாகத் தெரிந்தவர்தான் இரண்டு வீடு தள்ளி இருக்கும் வெண்டல் புரூயிட். மர அறுப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்படியும் போன வாரம் திங்கட்கிழமை, குடிக்கக் காப்பியும் கடிக்க டோனட்டுமாக வந்து துவைக்கும் அறை வாசலில் நின்றார்.

விஷயம் சின்னதல்ல. மூஸ் மான் வேட்டைக்கான அனுமதிச் சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். ஒரு மூஸை அடித்துவிட்டால் ஆயுசுக்கும் மறு சீட்டு இல்லை. வெண்டல் பத்தொன்பது வருடம் பெயர் போட்டு, இந்த வருடம்தான் சீட்டு விழுந்தது. விழுந்த ஒரு மாதத்தில் அவரும் ஏணியிலிருந்து விழுந்தார். வலது தோளில் அறுவை. சீசன் முழுவதும் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி மிச்சம் அந்த ஒரு வாரம், ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் முடிகிறது. அவருடைய துப்பாக்கியோ கழுதை உதைப்பது போல் உதைக்கும். கடைத் தோட்டா ஒன்றைச் சுட்டுப் பார்த்தார். இரண்டாவதற்கு விசையைத் தொடும் முன்பே கண் தானாக மூடிக்கொண்டது.

"மெதுவா ஒதைக்கிற தோட்டாவா இருபது போட்டுக் குடேன், லொரெட்டா."

"போட மாட்டேன்."

"உன்னோடத கேக்கலியே. என் கூடு, என் குண்டு. மருந்துதான் உன்னுது."

"அப்போ கையும் உன் கையா இருக்கட்டும். நீயே போடு. நான் பக்கத்துல நிக்கறேன்."

வெண்டல் அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். "பெரிய துப்பாக்கி மருந்துதான் உங்கிட்ட இருக்கே. அதுலயே பாதி போட்டாப் பாதி ஒதை. கணக்கு சரிதானே?"

"சாவறதுக்குச் சரியான கணக்கு. அது மெதுவா எரியற மருந்துய்யா. கூடு நெறைய இருந்தாத்தான் ஒழுங்கா எரியும். பாதிக் கூட்டுல படுத்துக் கெடந்தா எப்படிப் பத்தும்னு அதுக்கே தெரியாது. ஒரு தடவை புஸ்ஸுன்னு போகும். இன்னொரு தடவை துப்பாக்கியோட பின்பக்கம் உன் மூஞ்சிக்கு வந்து சேரும்."

"கம்மியாப் போட்டா அதிகமா வெடிக்கும்ங்கற. என்னம்மா இது கதை."

"உப்பக் கொறைச்சுப் போட இது சூப் இல்ல, வெண்டல்."

எந்தத் தோட்டாவுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று சொல்லும் அளவுப் புத்தகத்தை விரித்து விரலால் தேடினாள். குறைத்துப் போடத் தோதான மருந்து என்று அதில் ஒன்றுதான் இருந்தது. டெரெல் கடையில் அது இல்லை. பாதிரியாரிடம் அரை டப்பா இருப்பதாகத் தெரிந்து வெண்டல் ஓடினார். லொரெட்டா தொடக்கூட மாட்டேன் என்றாள். "தொறந்த டப்பா. உள்ள இருக்கிறது எதுன்னு அவர் சத்தியம் பண்ணுவார். டப்பா பண்ணுமா?" செவ்வாய்க்கிழமை, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கணவாய் தாண்டி மிசூலா நகரம் வரை வண்டி ஓட்டிப் போய், அங்கே கடைசியாக இருந்த ஒரே டப்பாவை முத்திரை உடையாமல் வாங்கிவந்தாள். தனக்குக் கிடைக்காத சீட்டுக்கு இவ்வளவு அலைகிறாளே என்று ஊரே ஆச்சரியப்பட்டது. அவளுக்கு மருந்து ஏதென்று கண்டுபிடித்த சந்தோஷம், அவ்வளவுதான்.

புதன்கிழமை வெண்டல் ஐந்து தோட்டா போட்டார். ஒவ்வொன்றையும் அவள் டார்ச்சடித்துப் பார்த்தாள். மதியம் ஊருக்கு வெளியே ஜல்லி தோண்டிய குழிக்குப் போய், ஐந்தையும் அவர் சுட்டார். ஐந்தாவது குண்டு போனபோது வெண்டலின் கண் திறந்தே இருந்தது. தோளைத் தடவிக்கொண்டு, "வலிக்கலடி" என்றார். அந்த மனிதர் 'டி' போட்டுப் பேசி அவள் கேட்டதே இல்லை.

வியாழக்கிழமை காலை பேருந்தை விட்டுவிட்டு வந்ததும் இருபது தோட்டாவுக்கு உட்கார்ந்தார்கள். வெண்டலுக்கு அந்தப் பாதிக் கணக்கு இன்னும் செரிக்கவில்லை. "அந்த மெதுவா எரியறதக் கொஞ்சம் காட்டேன். ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?" லொரெட்டாவுக்கு இப்படிக் கேட்பவர்களைக் கண்டால் உயிர். அலமாரியைத் திறந்து அந்த டப்பாவையும் எடுத்துவந்து, இரண்டிலும் ஒரு சிட்டிகை வெள்ளைக் காகிதத்தில் தட்டி, பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். இரண்டும் கறுப்புக் குச்சித் தூள். ஒன்று அரை இழை நீளம் அதிகம். காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டாள். வெண்டல் நிரப்ப ஆரம்பித்தார்.

ஏழெட்டு ஆகியிருக்கும், தொலைபேசி அடித்தது. பேருந்து நிலையத்திலிருந்து. கணவாயில் பனி, சாயங்காலப் பாதையை மாற்ற வேண்டும், யார் எந்தத் தெருவுக்குப் போவது என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் இழுத்துவிட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது இருபது தோட்டாவும் குண்டு பதித்து, முடிந்து, பெட்டியில் வரிசையாக நின்றன. வெண்டல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ வர்றதுக்குள்ள முடிச்சிட்டேன். நடுவுல குடுவை காலியாப் போச்சு. நானே ரொப்பிக்கிட்டேன்."

லொரெட்டா மேசையைப் பார்த்தாள். மேசையில் இரண்டு டப்பா இருந்தது.

"எதுலேருந்து ரொப்பின?"

வெண்டலின் கை ஒரு டப்பாவை நோக்கிப் போயிற்று. பாதியில் நின்றது. மற்றதை நோக்கிப் போயிற்று. அங்கேயும் நின்றது. "மிச்சத்தத் திருப்பி டப்பாவுல கொட்டி மூடியும் வச்சேனே" என்றார், தனக்குத்தானே சொல்வது போல். பிறகு மிசூலா டப்பாவைத் தொட்டார். "இதான். தொண்ணூறு சதம் இதான்."

"மீதிப் பத்து?"

"என் மூஞ்சிதானே. நான் பாத்துக்கறேன்."

லொரெட்டா தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியலை எடுத்து, முதல் தோட்டாவை அதில் மாட்டி, சிமெண்டுத் தரையில் ஓங்கித் தட்டினாள். குண்டும் மருந்தும் பிரிந்து விழுந்தன. இரண்டாவது, மூன்றாவது. இருபதும் பிரிந்து முடிகிறவரை தட்டினாள். பிரித்த மருந்து, எது எதில் கலந்ததென்று தெரியாத இரண்டு டப்பா, குடுவையில் ஒட்டியிருந்தது எல்லாவற்றையும் வாளியில் கொட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோய், ரோஜாப் பாத்தியில் வீசினாள். உரத்துக்கு ஆகும். வெண்பனி மேல் மிளகுப்பொடி தூவியது போல் கிடந்தது. வெண்டல் அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"பத்தொம்பது வருஷம்" என்றார். "என் முட்டாத்தனத்தால போச்சு."

"உனக்கென்ன தெரியும்? ரெண்டாவது டப்பாவ எடுத்து வச்சது நான்." இதைச் சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஊருக்கெல்லாம் விதி சொல்லிவிட்டு, கேட்க ஒரு ஆள் கிடைத்த மிதப்பில் தானே அதை மீறி, ஒரு மனிதனை மருந்து டப்பாக்களோடு தனியாக விட்டுப் போனவள். பேருந்தில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தாற்போல் இருந்தது. "என் தப்புதான், வெண்டல்."

மிசூலாவில் இனி டப்பா இல்லை. இருந்தாலும் கணவாயை மூடிவிட்டார்கள். வெண்டல் எழுந்து தொப்பியைத் தேடினார்.

"இரு" என்றாள் லொரெட்டா.

கூடத்துக்குப் போய், பூட்டிய அலமாரியிலிருந்து தன்னிடம் இருக்கும் ஒரே பெரிய துப்பாக்கியை, பழைய ஏழு மில்லிமீட்டரை எடுத்தாள். லேசான உதை, மூஸையும் சாய்க்கும். அதற்குத் தோட்டா இந்தப் பக்கக் கடைகளில் வந்து இரண்டு வருடமாயிற்று. சுட வேண்டுமென்றால் அவள் நிரப்பியதைத்தான் சுட வேண்டும். எல்க் மானுக்கான அவளுடைய சீட்டும் ஞாயிற்றுக்கிழமையோடுதான் முடிகிறது, வருடத்து இறைச்சி அது. ஓரின் செய்தித்தாளை இறக்கி, துப்பாக்கியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

வெண்டல் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளவே தயங்கினார். "உன் எல்க்?"

"இந்த வருஷம் கோழி தின்னுக்கறோம்."

"சரி, தோட்டா? நீ யாருக்கும் உன் தோட்டாவ..."

"வாய மூடு, வெண்டல். ஒவ்வொண்ணையும் நான் டார்ச்சடிச்சுப் பாத்திருக்கேன்." பெட்டியைத் திறந்தாள். பதினெட்டு இருந்தது. மூடி, அவர் முன்னால் நீட்டினாள். "சனிக்கிழமை காலைல மொதல்ல ஜல்லிக் குழியில மூணு சுடு. அப்புறம் போ. எடுத்துக்கோ."

வெண்டல் பெட்டியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "எடுத்துக்கோன்னு சொல்றேன்ல" என்றாள். மறுபடி இழுத்தார். பெட்டி அசையவில்லை. இருவரும் குனிந்து பெட்டியின் மறுமுனையைப் பார்த்தார்கள். லொரெட்டா தன் இடது கையைக் கொண்டுவந்து, வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து பிரித்து எடுத்தாள்.