மூன்றாவது கொட்டேஷன்

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்துக்குக் கருவி வாங்கும் பொறுப்பு இருபது வருடமாக என்னுடையது. ஒரு வோல்ட்மீட்டர் வாங்குவதானாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி, கட்டம் போட்டு எழுதி, ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். இரண்டே கொட்டேஷனோடு போகும் ஃபைல் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். அந்தப் புத்தி எனக்குள் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பது என் கணவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தபோதுதான் தெரிந்தது.

அவருக்கு இருப்பதே ஒரு சிறுநீரகம். இன்னொன்று எப்போதோ சத்தமில்லாமல் சுருங்கிப் போய்விட்டது. ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கர்யம் செய்பவர். முறை வரும் நாட்களில் விடியற்காலையில் தீர்த்தமாடி மடியோடு உள்ளே போனால் உச்சிவேளைக்கு மேல்தான் வெளியே வருவார். நடுவில் ஒன்றுக்குப் போனால் மறுபடி குளிக்க வேண்டும் என்று அதுவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். கல் வராமல் என்ன செய்யும்? சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். காவிரிக்கு அக்கரையில், புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். இருக்கிற ஒரு சிறுநீரகத்தின் வாயிலேயே கல் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்த டாக்டர் முதுகில் சின்னதாகத் துளை போட்டு, மெல்லிய குழாய் செருகி, அதன் வழியே கல்லை உடைத்து எடுத்துவிடலாம் என்றார். ஒரே தடவையில் வேலை முடியும், ரத்தப்போக்கு மட்டும் கொஞ்சம் பயம். பக்கத்துத் தெருவில் இன்னொரு டாக்டரைப் பார்த்தோம். துளையே வேண்டாம், சிறுநீர் வருகிற வழியாகவே வளைந்து போகும் கருவி இருக்கிறது, நுனியில் கேமரா, லேசரால் கல்லைத் தூளாக்கிவிடலாம் என்றார் அவர். ஆனால் இரண்டு தடவை செய்ய வேண்டி வரலாம், கிருமி தொற்றும் பயமும் உண்டு. எதுவாக இருந்தாலும் இரண்டு நாளுக்குள் அட்மிட் ஆகிவிடுங்கள் என்று இருவருமே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டம் போட்டேன். துளை, ரத்தம், மிச்சக் கல், எத்தனை நாள் படுக்கை என்று வரிசையாக எழுதினேன். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. கல்லை உடைக்கும்போதே தூளை உறிஞ்சி எடுத்துவிடும் புதுக் கருவி ஒன்று வந்திருப்பதாக என் கூட வேலை பார்ப்பவர் சொல்லியிருந்தார். அதை வைத்திருந்த டாக்டரிடம் வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்தது. ஞாயிறன்று வலி தானாக நின்றுவிட்டது. என் கணவருக்கு முறை முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது.

"பெருமாள் பாத்துண்டுட்டார். முறையை முடிச்சுண்டு நிதானமாப் போலாமே" என்றார்.

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். அவருக்குப் பதிலாகக் கைங்கர்யம் செய்ய ஆள் இல்லாமல் இல்லை. எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிறவள், அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு முறை ஒரு சாக்கு என்றால் எனக்கு வியாழக்கிழமை ஒரு சாக்கு. அந்த நாட்களை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்தவருக்குக் கிடுகிடுவென்று குளிர் ஜுரம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒன்றுக்குப் போனீர்களா என்று கேட்டேன். முந்தின நாளிலிருந்தே சரியாகப் போகவில்லை, தண்ணீர் குடிக்காததால்தான் என்று நினைத்தேன் என்றார். அப்படியே ஆட்டோவில் ஏற்றினேன். ஆட்டோ காவிரிப் பாலத்தில் நெரிசலில் மாட்டி நின்றபோது, இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அவரைத் தொட்டுப் பார்த்ததும் புத்தூர் டாக்டரின் முகம் மாறிவிட்டது. மறுபடி ஸ்கேன் எடுத்ததில் கல்லுக்குப் பின்னால் சீழ் கட்டியிருந்தது தெரிந்தது. நான் கைப்பையிலிருந்து கட்டம் போட்ட தாளை எடுத்து நீட்டி, இதில் எந்தக் கருவி நல்லது டாக்டர் என்று கேட்டேன். அந்த நேரத்தில் அப்படிக் கேட்க எனக்குத்தான் தோன்றும். அவர் தாளைப் பார்க்கவே இல்லை.

"இப்ப கல்லைத் தொடவே முடியாதும்மா. முதுகு வழியா ட்யூப் போட்டுச் சீழை இறக்கணும். உயிரைக் காப்பாத்திட்டு மத்ததைப் பாப்போம்" என்றார்.

உயிர் தப்பியது. பல வாரம் கழித்துக் கல்லையும் எடுத்தார்கள். சிறுநீரகம் மட்டும் எழுந்திருக்கவில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. மடியோடு உள்ளே போகிறவர் கையில் ஊசிக் குழாயோடு நான்கு மணி நேரம் படுத்துக் கிடக்கிறார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கிறது எனக்கு.

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் புத்தூர் டாக்டரிடம் போனேன். அந்த இரண்டில் எதை நான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எதுவா இருந்தாலும் சரியாப் போயிருக்கும்மா. அன்னிக்கே வந்திருந்தீங்கன்னா."

வெளியே வந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கணவர் கேட்டார். அடுத்த டயாலிசிஸ் வெள்ளிக்கிழமை என்று சொன்னேன்.